ஓட்டாத வண்டிக்கு என்ன விலை?

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் ஆசை ஆசையாக 650 சிசி குரூசர் மோட்டார்சைக்கிள் வாங்கினேன். அப்போது சிஓஇ (பத்து வருடம் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) 4,000 வெள்ளி. இதுவரை 5,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புளோக்குக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது. "புதுசு மாதிரி இருக்கிறது, கூடுதல் விலை கேள், அவசரப்படாதே" என்கிறார் மைத்துனர். கேட்கலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு. நம் சிங்கப்பூரில் வாங்க வருபவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் சிஓஇ முடியும் தேதியைத்தான் கேட்பார். 120 மாதத்தில் உங்களுக்கு மிச்சம் 36. வண்டி உறைக்குள் நின்றாலும் அது மாதம் ஒன்றாகக் குறைந்துகொண்டே போகிறது.

இன்றே பதிவை ரத்து செய்தால் மிச்சமுள்ள 36 மாதத்துக்கான சிஓஇ கழிவாக 1,200 வெள்ளி திரும்பி வரும். மோட்டார்சைக்கிளுக்கு, காருக்குக் கிடைப்பது போன்ற பார்ஃப் கழிவு (பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்ப வருவது) கிடையாது. அதற்காக 1,200-ஐ ஒட்டி விலை பேசும் கடைக்காரரிடம் தலையாட்டிவிடாதீர்கள். நீங்கள் வாங்கியபோது இருந்த சிஓஇ வேறு. 2022 நவம்பரில் மோட்டார்சைக்கிளுக்கான டி பிரிவு சிஓஇ 13,000 வெள்ளியையே தாண்டியது. புது வண்டி வாங்குபவர் இன்று கட்டும் சிஓஇயோடு ஒப்பிட்டு, உங்கள் மூன்று வருடத்துக்கு என்ன பெறும் என்று கணக்குப் போடுங்கள். ஆனால் 400 சிசிக்கு மேல் ஓட்ட வகுப்பு 2 உரிமம் வேண்டும். சிறிய வண்டிகளுக்கான 2பி, 2ஏ உரிமங்களிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள்தான் அதை வைத்திருப்பார்கள். வாங்கும் கூட்டம் சிறியது, அதனால் விலையைக் கண்டபடி ஏற்றாதீர்கள்.

அப்புறம், "புதுசு மாதிரி" என்ற வார்த்தையை விளம்பரத்தில் போடவே போடாதீர்கள். நம் ஈரக் காற்றில் ஏழு வருடம் நின்ற வண்டி புதுசு இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டிருக்கும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். எனக்குப் பெரிய கவலை டயர்தான். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கலாம். உங்களிடம் வாங்குகிற பிள்ளை அடுத்த வாரமே உட்லண்ட்ஸ் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் வேகமாகப் போவான். மழை பெய்தால் அந்த டயர் அவனைத் தாங்குமா? இரண்டையும் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் டயரின் வயதைச் சொல்லி, அந்தத் தொகையை விலையில் குறையுங்கள். மறைத்து விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால், உங்கள் காப்புறுதியில் இடம் இல்லாதவரிடம் சாவியைத் தராதீர்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது குற்றம். கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். பணம் கைக்கு வந்த அன்றே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அதுவரை வருகிற அபராதக் கடிதமெல்லாம் உங்கள் ஈசூன் முகவரிக்குத்தான் வரும்.

சரி, மைத்துனருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அவர் சொல்லும் விலைக்கு அவரையே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.