மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: எட்டு மாதத்தில் எங்கள் திருமணம். செலவு முழுக்க எங்கள் இருவரின் சேமிப்பிலிருந்துதான். மனசுக்குப் பிடித்த மண்டபம் கிடைத்திருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள். கட்டிவிட்டால் மற்றதற்கு என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது. எதைக் குறைக்கலாம்? தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: முன்பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். முந்நூறு பேர் கொள்ளும் மண்டபத்தைப் பிடித்துவிட்டால், அதை நிரப்பும் அளவுக்கு ஆட்களைக் கூப்பிடத்தான் தோன்றும். முதலில் தொகை, அடுத்து ஆட்கள், அதற்குப் பிறகுதான் இடம்.

தொகை என்றால் கையிருப்பு மொத்தமும் அல்ல. மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில் பத்தில் ஒரு பங்கைக் கடைசி நேரச் செலவுக்கு ஒதுக்குங்கள். அது கட்டாயம் வரும். எஞ்சியதுதான் உங்கள் திருமண பட்ஜெட்.

இனி ஆட்கள். புகைப்படம், உடை, இசை, மேடை இவற்றின் செலவு நூறு பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் பெரிதாக மாறாது. சாப்பாடு, நாற்காலி, இடத்தின் அளவு எல்லாம் தலைக்குத் தலை ஏறும். 200 பேரை 150 ஆக்கினால் தலைக்கணக்குச் செலவில் கால் பங்கு அப்படியே மிச்சமாகும். பூவில் கொஞ்சம், அழைப்பிதழில் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளிப் பிடித்தாலும் அவ்வளவு மிச்சமாகாது.

பட்டியலை எண்ணிக்கையாக எழுதாமல் பெயர் பெயராக எழுதுங்கள். இரண்டு வீட்டுக்கும் இத்தனை பேர் என்று பிரித்துக் கொடுத்து, யாரைக் கூப்பிடுவது என்பதைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். நீங்களாக ஒரு பெயரை அடித்தால் அது சண்டையாகிவிடும். அழைக்க முடியாத நெருங்கியவர்களிடம் திருமணத்துக்கு முன்பே நீங்களே பேசிவிடுங்கள். பிறர் சொல்லிக் கேள்விப்படுவதுதான் அவர்களுக்கு வலிக்கும்.

சாப்பாட்டு ஒப்பந்தத்தைத் தலைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சம் இத்தனை பேருக்கு என்று ஒரு வரி இருக்கும். 180 என்று ஒப்புக்கொண்டு 150 பேர் வந்தாலும் 180 பேருக்கான பணம் போய்விடும். இறுதி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், குழந்தைகளுக்கு என்ன கணக்கு, புகைப்படக் குழுவும் அலங்கார ஆட்களும் சாப்பிடுவது யார் கணக்கில், வரியும் பரிமாறும் கூலியும் சேர்ந்த விலையா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நான் பார்த்தவரை பட்ஜெட் ஓட்டையாவது பெரும்பாலும் இங்கேதான்.

புகைப்படத்துக்கு மலிவான ஆளைத் தேட வேண்டாம். நல்ல ஆளையே குறைந்த மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். உடையை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடன் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 100 வாங்கி மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டினால், மொத்தம் ஏறக்குறைய 123 கட்டியிருப்பீர்கள். செயல்முறைக் கட்டணம் தனி. புதுக்குடித்தனத்தின் முதல் மூன்று வருடச் சம்பளத்திலிருந்து அது போக வேண்டுமா? பணம் போதவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள், இல்லையென்றால் பட்டியலைச் சுருக்குங்கள்.

பட்டியல் முடிந்த பிறகும் அதே மண்டபம் பொருந்தினால் போய்ப் பேசுங்கள். வார நாளிலோ கேட்பார் குறைந்த மாதத்திலோ வாடகை எவ்வளவு என்று கேளுங்கள், வித்தியாசம் இருக்கலாம். அலங்காரம் செய்யும் நேரமும் துப்புரவும் மின்சாரமும் வாடகையில் அடங்குமா, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, தேதி மாறினாலோ ரத்தானாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு மண்டபம் பாருங்கள். எட்டு மாதம் இருக்கிறதே.