பழைய பக்கங்களில் ஒட்டுச்சித்திரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1950களில் அச்சான நாவல்களும், வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகளும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு கொலாஜ் எனப்படும் ஒட்டுச்சித்திரம் செய்ய ஆசைப்படுகிறேன். “சரஸ்வதியை வெட்டுவாயா?” என்று அம்மா தடுக்கிறார். வெட்டலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காலில் பட்ட காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்களுக்குக் கத்தரிக்கோலை எடுக்கும்போது கை கூசத்தான் செய்யும். அந்தக் கூச்சம் கொஞ்சம் இருப்பது நல்லதே.

பைண்டு செய்த தொடர்கதைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். இதழில் கதையோடு வந்த ஓவியங்கள் பின்னர் நூலாக வந்தபோது பெரும்பாலும் விடுபட்டுவிட்டதால், வீடுகளில் இப்படித் தைத்து வைத்த தொகுப்புகளில்தான் கதையும் படமும் சேர்ந்து கிடைக்கின்றன. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்ற ஓவியர் சேர்த்து வைத்தவற்றைக் கொண்டே சென்னையில் 1994இல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அத்தகைய நூலகம் ஒன்றுக்கு உங்கள் பட்டியலை அனுப்பிக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கங்களை நகலெடுத்து, நகலை வெட்டுங்கள். பலமுறை மறுபதிப்பு கண்ட நாவல், நடுவில் பக்கம் போனது, இராமபாணப் பூச்சி துளைத்தது ஆகியவற்றைத் தாராளமாக வெட்டலாம். வெட்டுவதற்கு முன் ஒரு மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பிலேயே ஒடிந்து கையோடு வந்துவிடும் தாள் பசையின் ஈரத்தைத் தாங்காது. அதையும் நகலெடுத்தே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பழைய பக்கங்களை அட்டையில் ஒட்டினேன். குமிழிகள் எழுந்தன, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது, காய்ந்தபின் அட்டையே வளைந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்றுக்கும் காரணம் ஈரம்தான். எங்கள் தெருவில் முன்பு இருந்த பைண்டிங் கடைக்காரர், பசை தடவிய தாளை உடனே ஒட்டமாட்டார். அடுத்த தாளுக்கும் பசை தடவி முடித்த பிறகுதான் முதல் தாளைக் கையில் எடுப்பார். சிறுவயதில் அதைச் சோம்பல் என்று நினைத்திருக்கிறேன். காகிதம் ஈரம் பட்டதும் விரிகிறது, அதுவும் இழை ஓடும் திசைக்குக் குறுக்காகவே அதிகம் விரிகிறது. விரிந்து முடிவதற்குள் ஒட்டினால், மிச்ச விரிவு அட்டைமேல் போக இடமில்லாமல் குமிழியாக எழுகிறது. ஆகவே பசை தடவியபின் ஒரு நிமிடம் பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒற்றிக்கொண்டே செல்லுங்கள். இழையின் திசை தெரியாவிட்டால் வேண்டாத பக்கம் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள்: நேராகக் கிழியும் பக்கமே இழையின் திசை.

பின்பக்க எழுத்து தெரிவதற்குக் காரணம், நீர்த்த பசை தாளுக்குள் இறங்கி இழைகளுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் காகிதம்போல ஒளியை உள்ளே விடுவதுதான். பசையை நீர்க்க விடாமல் கெட்டியாக எடுத்து, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தாள் மிக மெல்லியதாக இருந்தால் முதலில் அதன் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டிக் காயவையுங்கள். மைதாவைக் காய்ச்சிய பசை இதற்கு மிக நன்றாக ஒத்துழைக்கும், பின்னர் ஈரத்தில் பிரித்தெடுக்கவும் இடம் தரும். பூச்சி வராதிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, தாளுக்கும் நல்லதன்று, வீட்டில் வேண்டாம். காயும் தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுப்பதால்தான் வளைவு வருகிறது. அட்டையின் பின்புறமும் அதே கனத்தில் ஒரு தாளை, இழை அதே திசையில் ஓடும்படி ஒட்டிவிட்டு, பட்டர் பேப்பர் இட்டு, கனமான அகராதியின் அடியில் ஓரிரவு வையுங்கள்.

கேள்வி: வெட்டிய படங்கள் ஒன்றோடொன்று சேராமல், ஒட்டுப் போட்டது போலவே தெரிகின்றன. என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934இல் பாரிஸில் வெளியிட்ட ஒட்டுச்சித்திர நாவலைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். பறவைத் தலை கொண்ட மனிதரும் சிறகு முளைத்த பெண்ணும் நடமாடும் அதன் படங்களுக்கு, 19ஆம் நூற்றாண்டுக் கதைப் புத்தகங்களில் வந்த மரச்செதுக்குப் படங்களே மூலப்பொருள். எல்லாமே ஒரே வகைக் கோடுகளால் ஆனவை என்பதால் ஒட்டு தெரியவில்லை; பிறகு மொத்தத்தையும் மறுபடி அச்சிட்டதால் வெட்டிய விளிம்பும் மறைந்துபோயிற்று. நீங்கள் கோட்டோவியத்தின் அருகே புள்ளிகளால் ஆன புகைப்பட அச்சை வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு படத்துக்குள் கோடு கோட்டோடும் புள்ளி புள்ளியோடும் இருக்கட்டும்.

கேள்வி: செய்தவற்றை விற்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இந்தியச் சட்டப்படி எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமை, படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் மறைந்தவரின் படைப்புரிமை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. நாவலாசிரியரின் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இராமல், படம் வரைந்த ஓவியரின் ஆண்டையும் தனியாகப் பாருங்கள்.