ஆரிகனோ வளர்ப்பு: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பீட்சாவில் தூவும் ஆரிகனோவைப் பற்றியே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட, கல் நிறைந்த மலைச்சரிவுகளில் தானாக வளரும் செடி. வெயில் நிறைய வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது, உரம் கொஞ்சம் போதும். புதினாவுக்குச் செய்கிற பராமரிப்பை அப்படியே இதற்கும் செய்வதால்தான் கீழே வரும் தொல்லைகளில் பல வந்திருக்கின்றன.

விதை இரண்டு முறை போட்டும் முளைக்கவில்லை. விதை சரியில்லையா? (அம்மாப்பேட்டை வாசகி)

விதையை மண் போட்டு மூடினீர்களா? இதன் விதை தூசி அளவுதான் இருக்கும். முளைக்க வெளிச்சம் தேவை. குழித்தட்டில் நனைத்த தேங்காய் நார்க்கழிவை நிரப்பி, விதையை மேலே தூவி, விரலால் லேசாக அழுத்திவிட்டால் போதும். ஊற்றாதீர்கள், ஸ்பிரேயரால் தெளியுங்கள். 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் 7 முதல் 14 நாளுக்குள் முளை தெரியும். சேலத்தில் சித்திரை, வைகாசியில் போடுவது வீண். ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு கார்த்திகை, மார்கழியில் போடுங்கள்.

விதையில் வந்த செடிகள் எல்லாம் ஒரே மணத்தில் இருக்காது. நாற்று கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். நல்ல காரமான வாசனை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, அப்புறம் அதிலிருந்தே குச்சி ஒடித்துப் பெருக்குங்கள். பூக்காத நுனித்தண்டாக 10 செ.மீ. நறுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வேர் விடும். தெரிந்தவர் வீட்டில் நல்ல செடி இருந்தால் விதைப் பக்கமே போக வேண்டாம், குச்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நர்சரியில் ஆரிகனோ என்று கொடுத்த செடி அச்சு அசல் கற்பூரவல்லி போல இருக்கிறதே? (ஓமலூர் வாசகர்)

அது கற்பூரவல்லியேதான். கியூபன் ஆரிகனோ என்ற பெயரிலும் அதை விற்பதுண்டு. இரண்டும் துளசி, புதினா குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினம். வாசனை ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. கார்வக்ரால், தைமால் என்ற இரு வாசனைப் பொருட்கள் இரண்டிலும் இருக்கின்றன. ஓமத்தின் வாசனைக்கும் இந்தத் தைமால்தான் காரணம்.

பார்த்த உடனே பிரித்துவிடலாம். கற்பூரவல்லி இலை தடித்து, நீர் கோத்து, உடைத்தால் சட்டென்று முறியும். ஆரிகனோ இலை கட்டைவிரல் நகத்தளவு, மெல்லியது, நல்ல பச்சை. கற்பூரவல்லி இலையில் நீர் அதிகம் என்பதால் காயவைத்துப் பொடிப்பதற்கு அது ஏற்றதில்லை. பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் பச்சையாகப் போடத்தான் சரி. அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள், வீட்டில் இருக்க வேண்டிய செடி.

நம் ஊரில் ஆரிகனோவுக்கு உண்மையான பங்காளி யார் தெரியுமா? பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரு. இரண்டும் ஒரே பேரினம், மரு மட்டும் இனிப்பு வாசனை.

அடுத்த முறை வாங்கும்போது கிரேக்க ஆரிகனோ என்று கேளுங்கள். அதற்கு வெள்ளைப் பூ, வாசனை தூக்கலாக இருக்கும். இளஞ்சிவப்புப் பூ பூக்கும் சாதாரண வகை பார்க்க அழகு, சமையலுக்குச் சுமார்தான்.

காப்பித் தோட்டத்து ஓரத்தில் வைத்தேன். புதர் மாதிரி தழைக்கிறது, மணமே இல்லை. (நாகலூர், ஏற்காடு வாசகி)

ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்தக் குளிர்ச்சி ஆரிகனோவுக்கு ரொம்பப் பிடிக்கும். வெயில் காலத்தில் சேலத்துக்காரர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. ஆனால் இடம்தான் தவறு. சில்வர் ஓக் நிழல், சருகு மக்கிய கொழுத்த மண், எப்போதும் ஈரம் என எல்லாம் காப்பிக்கு நல்லது. ஆரிகனோவின் மணம் இலை மேலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. நேரடி வெயில் பட்டால்தான் அவற்றில் எண்ணெய் நன்றாகச் சேரும். நிழலும் தழைச்சத்தும் சேர்ந்தால் இலை பெருக்கும், மணம் நீர்த்துப்போகும்.

தெற்குப் பார்த்த சுவரோரமாக, தினம் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். மண்தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. அப்புறம் மாதாமாதம் மண்புழு உரம் போடும் பழக்கத்தை விடுங்கள். புதுத் தளிர் வந்த பிறகும் மணம் ஏறவில்லை என்றால் அது வகையின் குறை, வேறு செடி தேடுங்கள்.

அடி இலை மஞ்சளாகி, தண்டின் அடிப்பாகம் கறுக்கிறது. (கொண்டலாம்பட்டி வாசகர்)

தண்ணீர் அதிகம், வேர் அழுகுகிறது. கறுத்த செடியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நுனி இன்னும் பச்சையாக இருந்தால் இன்றே குச்சி ஒடித்து வேறு மண்ணில் நட்டுவிடுங்கள். புதுத் தொட்டியில் இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெறும் நார்க்கழிவில் மட்டும் நடுவது வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். போர் தண்ணீரால் மண் மேல் வெள்ளைப் படிவம் கட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது உப்பு. கொஞ்சம் காரத்தன்மையை இந்தச் செடி தாங்கும், உப்பு சேரச் சேரத் தாங்காது. மழைநீர் கிடைக்கும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் மாடியில் கருகிவிடுகிறதே? (அஸ்தம்பட்டி வாசகி)

அந்த இரண்டு மாதம் மட்டும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். சிமெண்ட் தரையில் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். மழை தொடங்கியதும் வலையை எடுத்துவிடலாம்.

எப்போது, எவ்வளவு அறுக்கலாம்? (வாழப்பாடி வாசகர்)

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனி கிள்ளத் தொடங்கலாம். கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வெடித்து அடர்த்தியாகும். அன்றாடச் சமையலுக்கு இதுவே போதும்.

காயவைப்பதற்கான பெரிய அறுவடைக்கு ஒரு பருவம் இருக்கிறது. மொட்டு கட்டி, பூ விரிவதற்குச் சற்று முன்னால் எண்ணெய் அதிகம் இருக்கும். அப்போது காலையில், பனி ஈரம் உலர்ந்து வெயில் உறைக்கும் முன்பு அறுங்கள். இலை இலையாகப் பறிக்காமல் தண்டோடு, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். வேர்விட்டுத் தேறிய செடியில் மூன்றில் இரண்டு பங்கு வரை எடுக்கலாம், அடியில் பச்சை இலை கட்டாயம் மிஞ்ச வேண்டும். அந்த இலைகளை வைத்துத்தான் மறுபடி துளிர்க்கும். பூத்துவிட்டால் பயப்பட வேண்டாம், இலை சாப்பிடலாம், பூவையும் சாப்பிடலாம். மூன்று நான்கு வருடத்தில் அடித்தண்டு கட்டையாகிவிடும். அதற்குள் புதுக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

பனிமூட்டத்தில் காயவே மாட்டேன் என்கிறது, பூசணம் பிடிக்கிறது. (ஒண்டிக்கடை, ஏற்காடு வாசகி)

மூட்டம் உள்ள நாளில் திறந்தவெளியில் தொங்கவிடாதீர்கள். கட்டைப் பெரிதாகக் கட்டாமல் நாலைந்து தண்டாகப் பிரித்து, வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் தலைகீழாகக் கட்டுங்கள். ஓவன் இருந்தால் 40 டிகிரிக்கு மேல் போகாமல், கதவைச் சற்றுத் திறந்துவைத்துக் காயவைக்கலாம். சூடு ஏறினால் எண்ணெய் பறந்துவிடும், மிஞ்சுவது வைக்கோல். சேலத்துக்காரர்களுக்கும் இது பொருந்தும். மொட்டைமாடி வெயிலில் வடகம் மாதிரிப் பரப்பாதீர்கள், நிழலும் காற்றும் உள்ள இடம்தான் சரி.

இலை நொறுங்கி, தண்டு 'டக்'கென்று ஒடிந்தால் காய்ந்தது என்று அர்த்தம். இலையை உருவி முழுசாகவே கண்ணாடிச் சீசாவில் போட்டு இருட்டில் வையுங்கள். சமைக்கும்போது உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள். முதல் வாரத்தில் சீசாவின் உள்பக்கம் நீர் முத்துக் கட்டினால் வெளியே எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும்.

இலைக்கு அடியில் மெல்லிய வலை, மேலே வெளிர்ப்புள்ளி. (ஆத்தூர் வாசகர்)

செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கவும். தெளித்த இலையை ஒரு வாரம் பறிக்காதீர்கள்.

பீட்சாவைத் தவிர வேறு எதற்குப் போடலாம்? குழந்தை சளிக்குக் கொடுக்கலாமா? (சூரமங்கலம் வாசகி)

தக்காளியும் பூண்டும் சேரும் எதிலும் போடலாம். தக்காளித் தொக்கு, ஆம்லெட், வதக்கிய உருளைக்கிழங்கு, எலுமிச்சை பிழிந்த கோழி வறுவல். பச்சை இலை ஒரு மேசைக்கரண்டிக்குக் காய்ந்தது ஒரு தேக்கரண்டி போதும், ஏனென்றால் இது காய்ந்தால்தான் காரம் கூடும். காய்ந்ததைத் தாளிப்பு முடிந்த கையோடு போட்டு வேகவிடுங்கள், பச்சையானதை இறக்கும்போது தூவுங்கள்.

சமையல் அளவில் குழந்தை சாப்பிடுவதில் தவறில்லை. கடையில் விற்கும் ஆரிகனோ எண்ணெய் மிகவும் செறிவானது, அதைக் குழந்தைக்கு உள்ளுக்கும் கொடுக்காதீர்கள், மார்பில் தடவவும் செய்யாதீர்கள். சளி விடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.