"லைசென்ஸே வேண்டாம்" என்று விற்கப்படும் ஸ்கூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

மின்சார ஸ்கூட்டர்களுக்கான சட்டமும் சலுகையும் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'லோ ஸ்பீட்' வண்டி, அதாவது மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டி பற்றியவை. மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் டியூஷனுக்குப் போய்வர ஒரு லோ ஸ்பீட் ஸ்கூட்டர் பார்த்திருக்கிறோம். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். 25 கிலோமீட்டர் வேகம் போதாவிட்டால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்து 45 வரை போகும்படி செய்து தருவாராம். வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

வண்டியை வாங்கலாம் அம்மா. லாக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 2(யு) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பேட்டரியில் ஓடும் இருசக்கர வண்டி எப்போது 'மோட்டார் வாகனம்' ஆகாது என்பதை அதுதான் சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழித்து எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவை எல்லாம் சரி என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஒன்று சான்று கொடுத்திருக்கவும் வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐ-கேட், நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. எல்லாம் அப்படிப்பட்ட நிறுவனங்கள்தான். இதில் ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும்.

முப்பது நிமிட சக்தி என்பது, மோட்டார் சூடேறிக் கெடாமல் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. மேம்பாலம் ஏறும்போது சில விநாடிகள் அது இன்னும் அதிகமாகவே இழுக்கும். அதனால் 250 வாட் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஒரு வயரை மாற்றினால் வேகம் கூடிவிடும், ஸ்டிக்கர் அப்படியேதான் இருக்கும். டெஸ்ட் டிரைவ் போகும்போது கைபேசியில் ஜி.பி.எஸ். வேகத்தைப் போட்டுப் பாருங்கள். சமதரையில் 25-ஐத் தாண்டினால் அந்த வண்டி வேண்டாம்.

விபத்து நடந்த வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று தருவதும் ஆய்வாளரின் வேலைதான். அப்படி ஒருமுறை என்னிடம் வந்தது ஒரு லோ ஸ்பீட் ஸ்கூட்டர். பள்ளி மாணவி ஓட்டிவந்து, சாலையைக் கடந்த பெரியவர் ஒருவர் மீது மோதியிருந்தாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிவு. நான் ஓட்டிப் பார்த்தபோது முள் நாற்பதைத் தாண்டியது. கடையிலேயே லாக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், பில்லில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என் மேஜைக்கு எதிரே நின்று, "லைசென்ஸே வேண்டாம்னுதானே சார் சொன்னாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னால் அவருக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல முடியவில்லை. வேகம் கூட்டிய வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். அதற்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், அடிபட்டவருக்கான இழப்பீடு முழுவதும் உரிமையாளர் கைக்காசிலிருந்துதான் போக வேண்டும்.

இதோடு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர்கள் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் தனியாக ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். லாக்கை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்.

ஆகவே, சோதனைச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் பில்லில் உள்ள மாடல் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லில் மோட்டார் சக்தியையும் உச்ச வேகத்தையும் எழுதச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். அப்புறம் ஹெல்மெட். சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன், மகள் தலையில் அது இருக்கட்டும். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய வழி என்றால் இந்த வண்டியே வேண்டாம். லாரியும் பஸ்ஸும் பறக்கிற சாலையில் 25 கிலோமீட்டரில் போவது பாதுகாப்பு இல்லை.

லோ ஸ்பீட் ஸ்கூட்டருக்கு அரசு மானியம் 15,000 ரூபாய் உண்டு, ஆறு மாதத்தில் வங்கிக் கணக்கில் வந்துவிடும் என்று சொல்லி, முழு விலையையும் கட்டச் சொல்கிறார்கள். நிஜமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இல்லை ஐயா. பணத்தைக் கட்டாதீர்கள்.

மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் மானியம் பெற, ஸ்கூட்டர் குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 25-க்குள் ஓடும் வண்டி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. தகுதியுள்ள வண்டிக்கும் மானியம் வாங்குபவரின் கணக்குக்கு வந்ததில்லை. நிறுவனம் பில்லிலேயே கழித்துக் கொடுத்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொள்ளும். 'பிறகு வரும்' என்ற பேச்சே சந்தேகத்துக்கு உரியது.

மானியம் எப்படி இளைத்தது என்பதையும் பாருங்கள். 3 கிலோவாட்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரி உள்ள வேகமான ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூனில் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய் வரை கிடைத்தது. 2023 ஜூனில் வீதம் 10,000 ஆகி, விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றும் ஆனது. 2024 ஏப்ரலில் ஒரு வண்டிக்கு உச்சமே 10,000. அதற்குப் பின் வந்த மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஏப்ரல் முதல் உச்சம் 5,000, இருசக்கர வண்டிகளுக்குக் காலக்கெடு 2026 மார்ச் 31 என்று அறிவித்தார்கள். பழைய விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு இன்றைக்கு விலை பேசக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் லோ ஸ்பீட் வண்டிக்கு நிஜமாகவே உள்ள சலுகை ஜி.எஸ்.டி.தான். மின்சார வண்டிகளுக்கு 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதம் 5 ஆனது. பில்லில் 5 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உணவு டெலிவரி செய்கிறேன். இப்போது லோ ஸ்பீட் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறேன். சொந்தமாக வாங்குவதானால் எது நல்லது? – வாசகர், சென்னை

தம்பி, நாள் முழுக்கச் சாலையில் இருக்கிற உனக்கு, பதிவு செய்த வண்டியைத்தான் சொல்வேன். லோ ஸ்பீட் வண்டிக்கு மோட்டார் இன்சூரன்ஸ் கிடையாது. விழுந்தால் மருத்துவச் செலவு உன்னுடையது, பிறர் மீது மோதினாலும் உன்னுடையது. பதிவு செய்த மின்சார வண்டிக்குக் கூடுதல் செலவு என்று நீ பயப்படும் அளவுக்கு இல்லை. பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் மின்சார வண்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது. சாலை வரியில் தமிழ்நாடு 100 சதவீத விலக்கு தந்தது. 2023 மின் வாகனக் கொள்கையில் அதற்கு 2025 டிசம்பர் 31 என்று தேதி போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட விலக்குகள் தேதியோடுதான் வரும், நீட்டிக்கும்போது தனியாக அரசாணை வரும். வண்டி எடுக்கும் வாரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேராகக் கேட்டு, நடப்பில் உள்ள ஆணையைத் தெரிந்துகொண்டு பில் போடு.

முக்கியமான ஒன்று. 2025-26 தமிழக பட்ஜெட்டில், நல வாரியத்தில் பதிவு செய்த உன் போன்ற இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வாரியத்தில் பெயர் இல்லாதவருக்கு இப்படிப்பட்ட அறிவிப்பால் பயனில்லை. வண்டி வாங்குவது அடுத்த வருஷம் என்றாலும் வாரியப் பதிவை இந்த வாரமே முடித்துவிடு. கூட ஓட்டுகிற நண்பர்களிடமும் சொல்.

வங்கி வேலை, அடிக்கடி மாநிலம் மாறுவேன். மின்சார ஸ்கூட்டருக்கு பி.எச். பதிவு எடுக்கலாமா? – வாசகர், கோவை

பி.எச். என்பது பாரத் தொடர், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத எண். எடுக்கலாம், ஆனால் முதலில் கணக்குப் போடுங்கள். பத்து லட்சத்துக்குள் விலை உள்ள வண்டிக்கு பி.எச். தொடரில் வரி விகிதம் 8 சதவீதம், மின்சார வண்டிக்கு அதில் 2 சதவீதம் குறைவு. அந்த வரியை மொத்தமாக அல்லாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பகுதி பகுதியாகக் கட்டிவர வேண்டும். உங்கள் மாநிலத்தில் முழு வரி விலக்கு நடப்பில் இருந்தால், சாதாரணப் பதிவில் சாலை வரியே இல்லாமல் போகலாம். இரண்டு மூன்று ஆண்டுக்குள் மாற்றல் உறுதி என்றால் மட்டும் பி.எச். பற்றி யோசியுங்கள்.

போலீஸ் தொந்தரவு இருக்காது என்று லோ ஸ்பீட் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட் மாட்டித் தருகிறார்கள். சரியா? – வாசகி, தஞ்சாவூர்

தவறு. பச்சை பிளேட் பதிவு எண் பெற்ற மின்சார வண்டிகளுக்கு உரியது. சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் மஞ்சள் எழுத்து. பதிவே இல்லாத வண்டிக்கு ஏது எண்? கழற்றிவிட்டு, சோதனைச் சான்றின் நகலையும் பில்லையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திக் கேட்டால் அந்த இரண்டும் போதும்.