கசிகிற கேட் வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

"மாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் வால்வு கசிகிறது, பிளம்பர் மொத்தமாக மாற்றச் சொல்கிறார், வேறு வழி இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து கசிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார். வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "தேறாது" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அதையேதான் சொன்னார்.

உங்களுடையது பித்தளை கேட் வால்வு, மேலே வட்டமாகச் சக்கரம் இருக்கும் ரகம் என்றே வைத்துக்கொள்கிறேன். அதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, செய்தித்தாளைக் கிழித்து ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பாருங்கள். சக்கரத்தின் தண்டு வெளியே வரும் இடத்தில் தாள் நனைந்தால் வால்வை மாற்றவே தேவையில்லை. பைப்பும் வால்வும் சேரும் மரையில் நனைந்தால் கழற்றி, பழைய சணலைச் சுரண்டிவிட்டு, டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி முடுக்க வேண்டும். வால்வின் உடம்பிலேயே கீறல் விட்டிருந்தால் பிளம்பர் சொன்னதுதான் சரி, மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அதனால் வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு நினைப்பு, இந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று. "அக்கா, வால்வு, ரெண்டு எல்போ, பைப் எல்லாத்தையும் மாத்திடலாம், இல்லன்னா திரும்பத் திரும்பத் தொல்லை" என்றார் அவர். வால்வின் தண்டைச் சுற்றி மட்டும்தான் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பைப்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

என் அப்பா வயலில் பம்ப்செட்டுக்குத் தானே கிளாண்ட் கயிறு போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கயிறு வெட்டிக் கொடுத்தவள் நான். கேட் வால்விலும் அதே சங்கதிதான். தண்டைச் சுற்றி உள்ளே கயிறு திணித்திருக்கும், அதன்மேல் ஒரு நட் அழுத்திப் பிடித்திருக்கும். கயிறு மக்கினால் தண்ணீர் வெளியே வரும், அவ்வளவுதான். பம்ப்செட்டில் சுற்றுகிற தண்டு சூடாகாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசியத்தான் வேண்டும். வால்வில் அது கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லி என்று பிடித்தாலே ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போகும்.

முதலில் அந்த நட்டைக் கால் சுற்று முடுக்கிப் பாருங்கள். பல வால்வுகள் அதிலேயே நின்றுவிடும். இன்னொரு பானாவால் வால்வின் உடம்பைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வால்வோடு சேர்த்து பிவிசி பைப்பும் திருகிக்கொண்டு முறியும். சக்கரம் சுற்றவே முடியாத அளவுக்கு முடுக்கவும் வேண்டாம்.

எனக்கு அதில் நிற்கவில்லை. மோட்டாரைப் போடாமல், அண்டா குடமெல்லாம் பிடித்துவைத்துவிட்டு டேங்கைக் காலி செய்தேன். சக்கரத்தைக் கழற்றி, நட்டை மேலே தூக்கி, உள்ளே கிடந்ததைக் கோணி ஊசியால் தோண்டினேன். கறுப்பாக, தொட்டால் பொடியாகிற மாதிரி வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் தண்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. விளக்கு தேய்க்கிற புளியையே போட்டுத் தேய்த்தேன். கயிறு வாங்கக் கடைக்குப் போனால், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாக்கா?" என்று கேள்வி. நான் கேட்டது கயிறு! புதுக் கயிற்றை நட் முடுகும் திசையிலேயே, அதாவது வலப்பக்கமாகச் சுற்றி, ஊசியால் அழுத்தி இறக்கி, நட்டைப் போட்டு முடுக்கினேன். தண்ணீர் விட்டதும் லேசாக ஈரம் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் முடுக்கியதும் நின்றது. கயிறு கிடைக்காவிட்டால் டெஃப்லான் டேப்பை விளக்குத் திரி போல் முறுக்கிச் சுற்றலாம். இன்ஜினியர்கள் யாராவது இது சரியான முறையில்லை என்று கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். என் வால்வு சொட்டவில்லை.

பிளம்பர்கள் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்றும் யாரும் சண்டைக்கு வராதீர்கள். சுவருக்குள் ஓடும் பைப், ஹீட்டர் இணைப்பு என்றால் நானும் ஆளைத்தான் கூப்பிடுவேன். ஒரு முழக் கயிற்று வேலைக்குக் குழாய் முழுவதும் மாற்றச் சொல்வதைத்தான் சொல்கிறேன்.

வீட்டு வால்வாவது நம் கையில் இருக்கிறது. எங்கள் வயலுக்குப் போகிற வாய்க்கால் ஷட்டரும் ஒரு கேட் வால்வுதான், திருகினால் பலகை ஏறி இறங்க வேண்டும். திருகுத் தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, பலகையின் அடிப்பாகம் அரித்துப் போய்விட்டது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பாதி ஓட்டை வழியே போகிறது. நாங்கள் மணல் மூட்டையும் வைக்கோலும் அடைத்து மல்லுக்கட்டுகிறோம். ஐப்பசி மழையில் திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது, பயிர் மூழ்கும். மனுக் கொடுத்தால் நிதி வரட்டும் என்கிறார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது ஷட்டர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. அதற்கப்புறமாவது சின்ன ஷட்டர்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுவார்கள் என்று நினைத்தோம்.

சரி, உங்கள் வால்வுக்கு வருகிறேன். முழுதாக மூடியும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அது வேறு கோளாறு, உள்ளே பலகை உட்காரும் இடத்தில் உப்போ மணலோ படிந்திருக்கும். கீழே ஒரு குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு வால்வைப் பலமுறை திறந்து மூடினால் சில நேரம் அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றுவதானால் பால் வால்வு, அதாவது கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிவிடும் ரகம், போடச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு யூனியனும், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பும், வைக்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை பைப்பை அறுக்காமல் கழற்றலாம். யூனியன் எதற்கு என்பார் அவர். வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.