கேட்டதும் சொன்னதும்: ஏப்ரலில் மறைந்தவர்கள்

ஏப்ரல் மாத நினைவு நாள்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சில இங்கே.

ஏப்ரல் மாதம் மறைந்த பெரியோர்களின் பெயர்களை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத இருக்கிறோம். ஒரு பட்டியல் தர முடியுமா?
– தமிழாசிரியை, கும்பகோணம்

தருகிறேன் அம்மா. 8-ம் தேதி ஜெயகாந்தன் (2015). 14-ம் தேதி ரமண மகரிஷி (1950), அதே தேதியில் பின்னணிப் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ் (2013). 17-ம் தேதி சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் (1975), நடிகர் விவேக் (2021). 21-ம் தேதி பாரதிதாசன் (1964). 22-ம் தேதி வயலின் மேதை லால்குடி ஜெயராமன் (2013). 26-ம் தேதியில் மூன்று பேர்: மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை (1897), கணித மேதை ராமானுஜன் (1920), ஈழத்துத் தந்தை செல்வா (1977). 28-ம் தேதி உ.வே. சாமிநாதையர் (1942).

ஒரு வேண்டுகோள். பெயர், தேதி, இத்தனையாவது நினைவு நாள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மறையும்போது அவர் கையில் என்ன வேலை இருந்தது என்று பக்கத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். கிளை நூலகராக இருந்த ஆண்டுகளில் நான் இதைத்தான் செய்துவந்தேன். மாலை போட்ட படத்தைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்துபோவார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நின்று வாசிப்பார்கள், பிறகு உள்ளே வந்து புத்தகம் கேட்பார்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. உ.வே.சா. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போன மறு ஆண்டு, 1904-ல், ராமானுஜன் அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். ஒரே கட்டடத்தில் ஓராண்டு முன்பின்னாகப் புழங்கிய இருவரின் நினைவு நாள்களும் இரண்டு நாள் இடைவெளியில் வருகின்றன. உங்கள் மாணவர்கள் அந்தக் கல்லூரி வழியாகத்தானே தினமும் போய்வருகிறார்கள்? அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ராமானுஜன் கடைசி நாள் வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது உண்மையா, மிகைப்படுத்தலா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

உண்மைதான் தம்பி. 1919 மார்ச் மாதக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வந்து இறங்கியபோதே உடல் மிகவும் நலிந்திருந்தது. காச நோய் என்று சொல்லி வைத்தியம் பார்த்தார்கள். குடலில் தொடங்கி ஈரலைத் தாக்கும் அமீபா நோயாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று, பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் 1994-ல் எழுதினார். அவர் கணிப்பு சரியென்றால், அன்றைய மருத்துவத்தாலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய் அது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

உங்கள் ஈரோட்டுக்குப் பக்கத்தில் கொடுமுடியிலும் அவரைச் சில காலம் தங்கவைத்தார்கள். காவிரிக் காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள். பிறகு கும்பகோணம், அங்கிருந்து மறுபடியும் சென்னை. 1920 ஜனவரி 12-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ‘மாக் தீட்டா’ என்று தாம் பெயரிட்ட புதுவகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருப்பதாக அதில் அறிவித்து, எடுத்துக்காட்டுகளும் கொடுத்திருந்தார். அதன்பின் அவருக்கு இருந்தது மூன்றரை மாதம். சேத்துப்பட்டு வீட்டில் படுக்கையில் இருந்தபடி தாள் தாளாக எழுதினார். எலும்பும் தோலுமாகக் கிடந்த நிலையிலும் கணக்கை விடவில்லை என்று மனைவி ஜானகியம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஏப்ரல் 26-ம் தேதி உயிர் பிரிந்தபோது வயது 32.

அந்தத் தாள்கள் ஹார்டியிடம் போயின, பிறகு வாட்சன் என்ற பேராசிரியரிடம் போயின. வாட்சன் இறந்த பிறகு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கின. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வேறு வேலையாகப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். விளக்கம் என்று சொல்லும்படி அநேகமாக எதுவும் இல்லை. சூத்திரம், அடுத்த சூத்திரம், அதற்கடுத்தது, அவ்வளவே. தம்மிடம் மிச்சமிருக்கும் நாள்களைத் தெரிந்துகொண்ட ஒருவர் நிரூபணம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அவற்றுக்கு நிரூபணம் எழுதுவதில் பிற்காலக் கணித அறிஞர்கள் பலர் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார்கள். நீங்கள் கணிதம் படிப்பவராக இருந்தால், 1988-ல் அச்சான அந்தக் கையெழுத்துப் பக்கங்களின் படியை உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கையெழுத்து அவ்வளவு நிதானமாக இருக்கிறது.

பிறந்த நாளைக் கொண்டாடினால் போதாதா? இறந்த நாளைச் சொல்லிப் பிள்ளைகளை ஏன் வருத்தப்படவைக்க வேண்டும்?
– இல்லத்தரசி, மதுரை

நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள் அம்மா. நாயன்மார்களுக்கு நாம் நடத்தும் குருபூசை அவர்கள் பிறந்த நாளிலா நடக்கிறது? இறைவனடி சேர்ந்த நாளின் நட்சத்திரத்தில் நடக்கிறது. அப்பர் சுவாமிகளுக்குச் சித்திரைச் சதயம். திருப்புகலூரில் அவர் முத்தியடைந்த நாள் அது, பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும். வீட்டிலும் தாத்தாவின் திதிதான் நினைவிருக்கிறது, அவர் பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. பிறந்த அன்று ராமானுஜனும் பாரதிதாசனும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்திருப்பார்கள். என்ன செய்தார்கள் என்ற கணக்கு முழுமையாவது மறைந்த அன்றுதான். குழந்தைகள் வருந்தினால் வருந்தட்டும். அந்த வருத்தத்தைத் தாங்க அவர்களால் முடியும்.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ படித்து முடித்தேன். சட்டென்று நின்றுவிடுகிறதே, ஏன்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி

ஐயா, முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு என் வணக்கம். எங்கள் நூலகத்தில் இருந்த பிரதியின் முதல் நூறு பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறி, ஓரம் மடிந்து, நூல் பிரிந்து கிடக்கும். உத்தமதானபுரம், இளமைக் கால வறுமை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனது, எல்லாம் ஊரே படித்த பக்கங்கள். கடைசி நூறு பக்கங்களோ அச்சகத்திலிருந்து வந்தபடியே மடிப்புக் கலையாமல் இருக்கும். அந்தப் பக்கங்களில்தான் அவர் சுவடிச் சுவடியாக ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் உழைப்பு இருக்கிறது.

நின்றுபோனதற்குக் காரணம் மரணம். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வரத் தொடங்கியது. அப்போது அவருக்கு 85 வயது ஆகவிருந்தது. 122 அத்தியாயங்கள் வந்தன. 1942-ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் சென்னை காலியானது. ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தபோது, அடுத்தது சென்னைதான் என்று மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். திருவல்லிக்கேணியில் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டு வாழ்ந்த வீட்டை விட்டு, அந்தத் தள்ளாத வயதில் ஐயரும் திருக்கழுக்குன்றத்துக்கு இடம்பெயர்ந்தார். ஏப்ரல் 28-ம் தேதி அங்கேயே காலமானார்.

சரித்திரம் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த 1898-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்! 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது, 1937-ல் குறுந்தொகையைப் பதிப்பித்தது, எதையும் அவர் வாயால் கேட்கும் பேறு நமக்கு இல்லை. மாணவர் கி.வா. ஜகந்நாதன் பிற்காலத்தைத் தனியே எழுதினார், தேடிப் படியுங்கள். தியாகராஜ விலாசத்தை இப்போது தேடிப் போகாதீர்கள். அதை இடித்துவிட்டார்கள். சாகித்தியம் அறிந்தவர்கள் இருக்கும் ஊரில் அந்த ஒரு வீட்டைக் காப்பாற்ற முடியாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தைச் சென்னை பெசன்ட் நகரில் பார்க்கலாம். அவர் சேர்த்த சுவடிகள் அங்கே இருக்கின்றன.

ரமணர் மறைந்த நேரத்தில் வானத்தில் ஒளி தெரிந்தது என்கிறார்களே?
– வாசகர், போளூர்

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரஸோன் அன்று திருவண்ணாமலையில் இருந்தார். இரவு 8.47-க்கு வானில் ஒரு ஒளி நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தவர் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. இடது கையில் புற்றுக்கட்டி, ஓராண்டுக்கு மேல் அறுவைக்குப் பின் அறுவை. அந்த நிலையிலும் தம்மைப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். கடைசி மாலையிலும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 26 எங்களுக்குத் தந்தை செல்வாவின் நாள். தமிழகத்துப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதுங்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

எழுதுவது என் கடமை ஐயா. சா.ஜே.வே. செல்வநாயகம் 1898-ல் மலேயாவின் ஈப்போவில் பிறந்தவர். வழக்கறிஞர். 1949-ல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழர் உரிமைகளுக்காகச் சிங்களத் தலைவர்களான பண்டாரநாயக்காவோடு 1957-லும் டட்லி சேனநாயக்காவோடு 1965-லும் ஒப்பந்தம் செய்தார், இரண்டும் நிறைவேறவில்லை. நடுக்கு வாதத்தால் உடல் தளர்ந்து, குரல் மெலிந்து, பக்கத்தில் இருப்பவர்களே காது கொடுத்துக் கேட்க வேண்டிய நிலையிலும் அவர் ஒதுங்கவில்லை. 1972-ல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து, இடைத்தேர்தல் வைக்கச் சொல்லி 1975 வரை காத்திருந்து, காங்கேசன்துறையில் மறுபடியும் வென்றார். 1976 மே 14-ம் தேதி, தமிழர்க்குத் தனி நாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. மறு ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் அவர் முன்னின்று அமைத்த கூட்டணி 18 இடங்களை வென்று எதிர்க்கட்சி ஆனது. மூன்று மாதம் முன்னதாகப் போய்விட்டார்.

அதே தேதியில் மறைந்த சுந்தரம் பிள்ளையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 42 வயதில் போய்விட்டார். 1891-ல் அவர் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாடல்தான் இன்று தமிழகப் பள்ளிகளில் தினமும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து. அதை அரசு ஏற்றது 1970-ல்.

உங்கள் பட்டியல்களில் பெண்கள் இருப்பதே இல்லை. ஏப்ரலில் ஒரு பெண்கூட மறையவில்லையா?
– வங்கி ஊழியர், திருச்சி

நியாயமான கேள்வி அம்மா. ஏப்ரல் 21, 2013 சகுந்தலா தேவி பெங்களூரில் மறைந்த நாள். 1980-ல் லண்டனில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிச் சொன்னவர்.

ஏப்ரல் 13, 1994 ஜானகியம்மாள் மறைந்த நாள். 1909-ல் பத்து வயதில் ராமானுஜனுக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் 1914-ல் கப்பலேறினார், 1919-ல் நோயாளியாகத் திரும்பினார், ஓராண்டில் போய்விட்டார். கணவரோடு வாழ்ந்தது சொற்பக் காலம், அவர் போன பிறகு வாழ்ந்தது 74 ஆண்டுகள். பம்பாயில் அண்ணன் வீட்டில் தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணிக்குத் திரும்பினார். தையல் வேலையும், பல்கலைக்கழகம் தந்த சிறு ஓய்வூதியமும்தான் வருமானம். அதை வைத்துக்கொண்டு, பெற்றோரை இழந்த ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்தார்.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று 1981-ல் செய்தித்தாள் பேட்டி ஒன்றில் கேட்டார். அந்தக் கேள்வி அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் கண்ணில் பட்டது. அவர் முயற்சியில் உலகெங்குமுள்ள கணித அறிஞர்கள் பணம் சேர்த்தார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, ராமானுஜனின் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வடித்தார். ஒரு சிலை ஜானகியம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நம் ஊரில் தரப்பட்ட வாக்கை அயலூர்க்காரர்கள் நிறைவேற்றினார்கள். கும்பகோணத்து ஆசிரியை இதைப் படித்தால், 13-ம் தேதிக்கு நேராக இந்தப் பெயரையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாரதிதாசனுக்கு ஏப்ரல் 21-ல் விழா எடுப்பதா, 29-லா? எங்கள் மன்றத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது.
– வாசகர் மன்றச் செயலாளர், விழுப்புரம்

21 நினைவு நாள், 29 பிறந்த நாள் (1891). இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். சென்னைக்கு வந்து படம் எடுக்கும் முயற்சியில் இருந்த நாள்களில், 1964-ல், பொது மருத்துவமனையில் காலமானார். உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். தம் ஆசான் பாரதியின் வாழ்க்கையைத் திரைப்படமாக்க வேண்டும் என்ற அவர் ஆசை அப்படியே நின்றுபோனது. ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு 1969-ம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தபோது அவர் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கும்போது (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும்போது), வரப்போகும் நண்பனுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் புறநானூற்றுக் கதைதான் அது. உங்கள் மன்றத்தில் நடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் 21-ம் தேதி ஒரு காட்சியை மேடையில் வாசித்துக் காட்டுங்கள். 29-ம் தேதிக்குள் முழு நாடகத்தையும் வாசித்து முடித்துவிடலாம்.