முதல் ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்களுக்கு: தாதி அக்காவின் பதில்கள்

செந்தூல் வாசகி: 5 வாரம் 3 நாள். நேற்று ஸ்கேனில் பை மட்டும் இருக்கிறது, குழந்தை இல்லை என்றார்கள். தூக்கமே போய்விட்டது அக்கா.

பதில்: தங்கச்சி, அந்த நாளில் கரு வளரும் பை மட்டும் தெரிவது வழக்கம்தான். வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். உள்வழி ஸ்கேனில், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை விட்டுப் பார்ப்பதில், 5 வாரத்தை ஒட்டிப் பை தெரியும். ஐந்தரை வாரத்தில் அதற்குள் மோதிரம் மாதிரி ஒரு சின்ன வளையம். அதுதான் கருவுக்கு உணவு தரும் பை. 6 வாரத்தில் வளையத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் கரு, அதில் மினுக்மினுக்கென்று துடிப்பு. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாமே ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளித்தான் தெரியும். உங்களுக்கு 35 நாளைக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்றால், இன்னும் ஒரு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பையின் அளவைப் பாருங்கள். உள்வழி ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டர் ஆகியும் கரு இல்லை, அல்லது கரு 7 மில்லிமீட்டர் வளர்ந்தும் துடிப்பு இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் யாராவது கருப்பையைச் சுத்தம் செய்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அளவைக் கேளுங்கள், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கெப்போங் வாசகர்: நேற்றுதான் இரண்டு கோடு வந்தது. நாளைக்கே ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: வலி, இரத்தம் எதுவும் இல்லையென்றால் 7 வாரம் வரை பொறுங்கள், தம்பி. அதற்குள் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், பதிந்து கர்ப்பப் பதிவேடான பிங்க் புத்தகம் வாங்கிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் இன்றே தொடங்கட்டும்.

அம்பாங் வாசகி: இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: அது மருத்துவர் சொல்ல வேண்டியது. நீங்களாக நிறுத்தாமல் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

செராஸ் அம்மா: உள்ளே விட்டுப் பார்த்தால் கரு கலைந்துவிடும். என் மகளுக்கு மறுநாளே இரத்தம் பட்டது.

பதில்: அம்மா, கருவி கருப்பை வாயைத் தாண்டிப் போகாது. கரு அதற்கு மேலே, கருப்பைக்குள் இருக்கிறது. இந்த மாதங்களில் கருப்பை வாயில் இரத்த ஓட்டம் கூடுதல். லேசாகப் பட்டாலே சில துளி கசியும். அதனால் கரு கலையாது. ஆனாலும் இரத்தம் பட்டதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

செராஸ் அம்மா: எங்கள் காலத்தில் ஸ்கேனே இல்லையே!

பதில்: இல்லைதான். குழாயில் தங்கிய கரு, குழாய் வெடித்த பிறகுதான் பல பேருக்குத் தெரிந்தது. இப்போது முன்கூட்டியே பிடிக்கிறோம், அம்மா. கூச்சமென்றால் பெண் மருத்துவர் வேண்டும் என்று மகள் கேட்கலாம். உள்வழி ஸ்கேனே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ஒலி அலை குழந்தையைப் பாதிக்காதா?

பதில்: சாதாரண ஸ்கேனால் தீங்கு என்று எதுவும் நிரூபணமாகவில்லை. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர்தான் சக்தி கூடியது. அதனால் ஆரம்ப வாரங்களில் தேவையில்லாமல் அதைப் போடமாட்டோம். துடிப்பை, அசைவைக் கோடாக வரைந்து காட்டும் எம் மோடில் எண்ணுவோம்.

பத்து கேவ்ஸ் வாசகி: 5 வாரம், பை மட்டும்தான்...

பதில்: செந்தூல் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிள்ளான் வாசகி: எனக்கும் 5 வாரம், ஒன்றும் தெரியவில்லை.

பதில்: அதே பதில்தான். இவ்வளவு சீக்கிரம் போகாதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். பையே தெரியவில்லை என்றால் மறு ஸ்கேன் தேதி வாங்காமல் வராதீர்கள். ஒரு பக்க வலி வந்தால் அவசரப் பிரிவு, மறக்காதீர்கள்.

செராஸ் அம்மா: சரி, மகளோடு நானும் உள்ளே வரலாமா?

பதில்: மகளுக்குச் சம்மதம் என்றால் கிளினிக்கில் கேளுங்கள். வயிற்று ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். உள்வழி என்றால் சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும்.